அறுபது வருடமாக ஒரே மலையை வரைகிறேன்

நீர்க்கரை (மஸ்கெலியா)
திங்கள், காலை 6.40

மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கிவிட்டது. பழைய மஸ்கெலியாவின் கோயில் மேலே வந்திருக்கிறது. நேற்று மாலை கீழே இறங்கி, வெடித்த சேற்றின் மேல் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து வரைந்தேன். வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தால், என் முதல் படத்துக்கு இந்த வருடத்தோடு அறுபது வயது. யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. அதனால்தான் இந்த இழை.

நான் பிறந்தது 1957இல், மஸ்கெலியாவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பணிய லயத்தில், பள்ளத்துத் தொழிலாளர் வீட்டு வரிசையில். அம்மா கொழுந்து எடுத்தார், அப்பா கவ்வாத்து வெட்டினார், அதாவது தேயிலைச் செடிகளின் கிளைகளைக் கத்தரித்தார். எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது அப்பா கரி செய்யக் கற்றுக்கொடுத்தார். கவ்வாத்தில் விழுந்த தேயிலைக் குச்சிகளை விரல் நீளத்துக்கு நறுக்குவார். பால்மா டின்னில் அவற்றை நெருக்கி அடைத்து, மூடியில் ஆணியால் ஒரு துளை போட்டு அடுப்புத் தணலில் வைப்பார். துளையில் புகை நின்றதும் வெளியே எடுத்து, நன்றாக ஆறும்வரை திறக்கக்கூடாது. திறந்தால் உள்ளே மெல்லிய கரிக்குச்சிகள், தட்டினால் கண்ணாடிச் சத்தம் கேட்கும். கடையில் விற்கும் கரியைப் பிறகு எத்தனையோ வாங்கிப் பார்த்துவிட்டேன். அப்பாவின் டின்னில் வந்ததைப் போல ஒன்றும் இல்லை.

அந்தக் கரியால் லயத்துச் சுண்ணாம்புச் சுவரில் சிவனொளிபாதமலையைப் போட்டேன். ஒரு முக்கோணம், உச்சியில் ஒரு புள்ளி. வேலை விட்டு வந்த அம்மா கூடையை இறக்காமலே நின்று பார்த்தார். "இரண்டு தோளும் ஒன்றுபோல இருக்காதே மகன்" என்றார். வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒன்றுபோல இல்லை. நாள் முழுக்கக் கொழுந்து மலையில் நின்ற அம்மாவுக்கு அந்த மலை என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. சுவரைத் துடைத்துவிட்டு மறுபடி வரைந்தேன். இன்றுவரை அந்தத் திருத்தம்தான் நடந்துகொண்டிருக்கிறது.

1969இல் அணை கட்டித் தண்ணீர் ஏறியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. கடைத்தெரு, கோயில், பள்ளிவாசல், விகாரை எல்லாம் தண்ணீருக்குள் போயின. முதலில் படிகள், பிறகு திண்ணைகள், பிறகு சன்னல்கள். பாடசாலைக் கொப்பியின் பின்பக்கங்களில் அதை நாளுக்கு நாள் வரைந்தேன். அந்தக் கொப்பிகள் இப்போது இல்லை. பதுளையில் மாமாவின் கடையில் வைத்திருந்தோம், 1983 ஆடிக் கலவரத்தில் கடையோடு எரிந்தன.

மலை மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறது. 2,243 மீட்டர். எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் தென்மேற்கில். ஆனி, ஆடியில் மழை அதற்குப் பின்னாலிருந்துதான் வரும், நாள்கணக்கில் உச்சி தெரியாது. மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வைகாசிப் பௌர்ணமிவரை யாத்திரைக் காலம். அப்போது அடிவாரத்து நல்லதண்ணிப் பக்கத்திலிருந்து உச்சிவரை விளக்குகள் எரியும், இரவில் மலையின் உருவம் மறைந்து அந்த ஒளிக்கோடு மட்டும் வானத்தில் வளைந்து தொங்கும். பங்குனி, சித்திரையில் மஞ்சளும் வெள்ளையுமாக வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக மலையை நோக்கிப் போகும். சிங்களத்தில் அதற்குச் 'சமனல கந்த', வண்ணத்துப்பூச்சி மலை என்றே ஒரு பெயர் உண்டு.

முப்பத்திரண்டு வருடம் சித்திர ஆசிரியராக வேலை செய்து ஓய்வு பெற்றேன். உங்களுக்கும் இப்படி ஒரு மலையோ மரமோ ஓடையோ இருக்கும். வரைகிறவர்கள் மட்டுமல்ல, பார்த்துக்கொண்டே இருக்கிறவர்களும் எழுதுங்கள்.

---

நிறக்கலவை (நோர்வூட், இப்போது மட்டக்களப்பு)
திங்கள், காலை 9.15

வணக்கம் ஐயா. நான் விபுலானந்தர் அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் ஓவியம் படிக்கிறேன். விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போதெல்லாம் தேயிலை மலையை நீர்வண்ணத்தில் முயற்சி செய்கிறேன். ஒவ்வொரு முறையும் பச்சை என்னைத் தோற்கடித்துவிடுகிறது. குழாயில் வரும் பச்சையைப் போட்டால் பிளாஸ்டிக் புல்வெளி போலத் தெரிகிறது. இன்னொன்று, எங்கள் வீட்டில் வைத்த படங்களில் ஆறே மாதத்தில் பழுப்புப் புள்ளிகள் விழுந்துவிட்டன. மட்டக்களப்பு வெயிலில் வைத்தவை நன்றாக இருக்கின்றன. என்ன செய்வது?

---

நீர்க்கரை (மஸ்கெலியா)
திங்கள், மாலை 4.30

மகள், முதலில் குழாய்ப் பச்சையை ஒரு வருடத்துக்குப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். பிரஷியன் நீலம், ஒரு மஞ்சள், எரித்த சியன்னா. மூன்றும் போதும்.

பிறகு, தூரிகையை வைத்துவிட்டு ஒரு தேயிலைச் செடிக்கு முன்னால் அரைமணி நேரம் நில்லுங்கள். கொழுந்து வேறு நிறம், முற்றிய இலை வேறு நிறம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் முற்றிய இலை மினுமினுப்பானது, அது வானத்தை வாங்கித் திருப்பித் தருகிறது. உச்சிவெயிலில் ஒரு மலையையே பாருங்கள், பாதிச் செடிகள் சாம்பல் நீலமாகத் தெரியும். சூரியன் இறங்கி ஒளி பின்னாலிருந்து வரும்போது அதே கொழுந்து இலைக்குள்ளே விளக்கு வைத்ததுபோல மஞ்சளாகும். கவ்வாத்து முடிந்த மலையில், அதாவது தேயிலைப் பகுதியில், பச்சையே கிடையாது. குச்சிகளின் சாம்பலும் பாசியின் வெளிறலும் நடுவில் மண்ணும்தான். ஒரு தோட்டத்தில் போன மாதம் வெட்டிய மலை, ஒரு வருடத்து மலை, நாலு வருடத்து மலை எல்லாம் அடுத்தடுத்துக் கிடக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் ஒட்டுப்போட்ட போர்வை. அந்த ஒட்டுகளைப் பிடித்துவிட்டால் பச்சை தானாக வசப்படும்.

மூடுபனிக்கு வெள்ளை வண்ணம் தொடவேண்டாம், தாளின் வெள்ளைதான் பனி. எங்கள் ஊர்க் காற்றில் ஈரம் காய ஒரு மணி நேரம் எடுக்கும், மற்றவர்கள் அதைக் குறையாகச் சொல்வார்கள். நான் அதை வரமாக நினைக்கிறேன். மலையின் அடிவிளிம்பை ஈரத்தில் விட்டுவிட்டு ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்தால், பனி தானே ஏறியிருக்கும்.

புள்ளிகள் பூஞ்சணம். தாளுக்குப் போடும் பசையை அது தின்கிறது. எண்பதுகளில் வரைந்த ஒரு பெட்டி நிறையப் படங்களை அப்படித்தான் இழந்தேன். இப்போது அடுப்படிச் சுவருக்கு மறுபக்கத்தில், தரையிலிருந்து உயரத்தில் அலுமாரி வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை படங்களை எடுத்துக் காற்றாட விடுகிறேன். வண்ணக் கிண்ணத்தில் ஒரு துளி கராம்பு எண்ணெய் விட்டால் அதிலும் பூஞ்சணம் பிடிக்காது.

சாயத் தண்ணீரில், அதாவது பால் விடாத தேநீரில், வரையலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். அழகான பழுப்பு வரும், ஆனால் வெளிச்சத்தில் வெளுத்துவிடும். கடும் சாயத்தில் துருப்பிடித்த ஆணிகளை நாலு நாள் ஊறப்போட்டால் கருமை வரும். அது மை. அதில் கோடு போட்டுப் பாருங்கள்.

---

கொழுந்துக்கூடை (பொகவந்தலாவை, இப்போது தோஹா)
திங்கள், இரவு 10.05

ஐயாவின் எழுத்தை மிகவும் மதிக்கிறேன். ஆனாலும் மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

'மலையகத்தின் இயற்கை' என்று வரைகிற படங்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது. தேயிலை இயற்கையா? இருந்த காட்டை வெட்டிக் கோப்பி வைத்தார்கள். 1869இல் கோப்பிக்கு இலைத்துரு நோய் வந்து, அடுத்த இருபது வருடத்தில் அது அழிந்தது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. அந்த ஒவ்வொரு தூரும் எங்கள் பாட்டன் பூட்டன் குழி வெட்டி வைத்தது. என் அம்மா முப்பத்தெட்டு வருடம் கொழுந்து எடுத்தார். காலில் அட்டைக் கடியின் வடு, நெற்றியில் கூடைக் கயிறு இழுத்த தடம். ஒரு படத்தில் பச்சை அலையலையாகப் போவதைப் பார்த்துப் பார்வையாளர் "எவ்வளவு அமைதி" என்கிறார். எனக்கு அங்கே அமைதி தெரியவில்லை, விடியற்காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்களத்துக் கொம்புச் சத்தம்தான் கேட்கிறது. சுற்றுலா விளம்பரத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும் பெண்ணையும் நான் ஏற்கமாட்டேன். அவர் யாரென்று அந்தப் படத்துக்குத் தெரியாது.

நீங்கள் மனிதர்களை வரைவீர்களா ஐயா?

---

மரநிழல் (பேராதனை)
செவ்வாய், காலை 7.50

தங்கையின் கேள்வி நியாயமானது. ஒன்றைச் சேர்க்கிறேன். இந்த மலைநாட்டை வரைந்து உலகத்துக்குக் காட்டிய பலர் வந்து போனவர்கள். ஆங்கிலேய ஓவியர் மரியான் நோர்த் 1876இல் இலங்கை வந்து எண்ணெய் வண்ணத்தில் தாவரங்களை வரைந்தார். லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தில் 1882இல் திறந்த அவருடைய கூடத்தில் 800க்கு மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. ஜெர்மன் விலங்கியலாளர் ஏர்ன்ஸ்ட் ஹெக்கல் 1881-82இல் வந்து, ஹோர்ட்டன் சமவெளிவரை ஏறி நீர்வண்ணத்தில் வரைந்தார். திறமையில் குறைவில்லை. ஆனால் சில மாதங்களின் பார்வை அது.

இதற்கு முன்பே இங்கேயே பிறந்த ஒருவர் பேராதனைத் தாவரவியல் தோட்டத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். ஹரமானிஸ் த அல்விஸ். 1823இல் தாவர ஓவியராக நியமனம் பெற்று 38 வருடம் வரைந்தார். ஒரு பூவைப் பிளந்து அதன் சூலறையைப் பக்கத்தில் போட்டு, காயையும் விதையையும் தனித்தனியே வரைந்திருப்பார். அவருடைய மகன் வில்லியம் இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளை வரைந்தார். வீட்டுக்குள்ளேயே கைமாறிய கலை. கியூவின் கூடத்தைப் பற்றித் தெரிந்த அளவுக்கு நம் பிள்ளைகளுக்கு இவரைத் தெரியவில்லை. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது.

கண்டிக்கு அருகே தெகல்தொருவை விகாரையின் 18ஆம் நூற்றாண்டுச் சுவர் ஓவியங்களையும் போய்ப் பாருங்கள். சிவப்புப் பின்னணியில் ஒவ்வொரு மரமும் இலை இலையாக எல்லைக்கோடு போட்டு நிற்கும். பழைய விகாரை ஓவியங்களின் மஞ்சள், கொறக்காய்க்கு உறவான கொக்கட்டு மரத்தின் பிசினிலிருந்து வந்தது. நிறக்கலவைக்கு இது பயன்படும். மலைநாட்டு மரம் கசிந்த மஞ்சளில் மலைநாட்டு மரத்தை வரைந்திருக்கிறார்கள்.

---

ஊவாக்காற்று (பண்டாரவளை)
செவ்வாய், நண்பகல் 12.20

மலையகம் என்றதும் பச்சை, பனி, மழை என்று மேற்குப் பக்கத்தையே எழுதுகிறீர்கள். எங்கள் பக்கத்துக்கு ஆடி ஆவணியில் வாருங்கள். அங்கே மழை கொட்டும்போது இங்கே கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று மலையைத் துவைத்துக் காயவைக்கும். மானாப்புல் முழுக்கச் செம்பழுப்பு. அதில் நெருப்புப் பிடித்தால் இரவில் மலைமேல் ஒரு சிவப்புப் பாம்பு ஊரும். அந்தக் காய்ந்த காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் வாசனை ஏறுகிறது. வரைகிறவர்கள் இந்தப் பழுப்புக்கும் கொஞ்சம் இடம் கொடுக்கவேண்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2014 அக்டோபர் 29 காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. நான் மறுநாள் போனேன். மலையின் மேல் பாதி அப்படியே பச்சையாக, வெயில் பட்டு அழகாக இருந்தது. கீழ்ப் பாதியில் சிவந்த மண், அதற்குள் வீடுகள். அந்தக் காட்சியை என்னால் மறக்கவும் முடியவில்லை, யாருக்கும் விளக்கவும் முடியவில்லை. மலையை நேசிக்கிறேன் என்று எழுதுகிற ஓவியர் அந்த மலையை என்ன செய்வார்?

---

நீர்க்கரை (மஸ்கெலியா)
செவ்வாய், இரவு 8.15

கொழுந்துக்கூடையின் கேள்வி என்னை நேற்றிரவு தூங்கவிடவில்லை, இன்று ஊவாக்காற்றின் கேள்வியும் சேர்ந்துகொண்டது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

1994இல் நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் தங்கள் வரவேற்புக் கூடத்துக்குப் பெரிய எண்ணெய் வண்ணப் படம் கேட்டது. ஆறடிக்கு நாலடி. சன்னலிலிருந்து தெரியும் பள்ளத்தாக்கு. மூன்று மாதம் வரைந்தேன். பள்ளத்தாக்கின் நடுவில் ஒரு லயம் இருந்தது, தகரக் கூரையில் துரு, முன்னால் கொடியில் துணி காய்ந்தது. இருந்ததை வரைந்தேன். கொண்டுபோனபோது பொறுப்பில் இருந்தவர் எல்லாவற்றையும் புகழ்ந்தார், கடைசியில் அந்தக் கூரையைக் காட்டி, "இதை மட்டும் எடுத்துவிடுங்கள்" என்றார்.

மகளின் படிப்புக்குப் பணம் தேவைப்பட்டது. அங்கேயே உட்கார்ந்து கூரைமேல் ஒரு மரத்தொகுதியை வரைந்தேன். அரைமணி நேர வேலை. துணிகள்தான் கடைசியாக மறைந்தன. வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்தபோது கை நடுங்கியது. அம்மா உயிரோடு இருந்தார், அவரிடம் சொல்லவில்லை. இப்போதுதான் முதன்முறையாகச் சொல்கிறேன்.

ஆகவே கொழுந்துக்கூடை, உங்கள் கேள்விக்கு என் பதில்: அதற்குப் பிறகு நான் லயத்தை மறைத்ததில்லை. முகங்களை வரைவது எனக்கு வராது, அந்தக் கை வேறு. ஆனால் மனிதர் போன தடத்தை வரைவேன். தேயிலை வரிசைகளுக்கு நடுவே கால் பட்டுத் தேய்ந்த ஒற்றையடிப்பாதை, கொழுந்து எடுக்கும் மட்டத்தைக் காட்டும் மட்டக்குச்சியின் உயரத்துக்குத் தட்டையாக நிற்கும் செடிகளின் மேற்பரப்பு, தண்ணீர்ப் பீலியடியில் தேய்ந்த கல். தேயிலை தானாக விட்டால் மரமாக வளரும், இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே போகும். இடுப்பளவில் அது நிற்கிறது என்றால் அதைக் கைகள் அங்கே நிறுத்தியிருக்கின்றன. அந்தத் தட்டைக் கோட்டை வரையும்போது என் அம்மாவின் கையை வரைகிறேன் என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் இதை ஏற்கவேண்டும் என்று கேட்கவில்லை.

ஊவாக்காற்றுக்கு: மீரியபெத்தைக்கு நானும் போனேன், ஒரு மாதம் கழித்து. அதற்கு முன் என்னால் பென்சில் தொட முடியவில்லை. அங்கே நின்று மண்ணை மட்டும் வரைந்தேன். எரித்த சியன்னாவும் தண்ணீரும். பின்னணியில் மலையைப் போடவில்லை. அந்தப் படத்தை இதுவரை யாருக்கும் காட்டவில்லை, விற்கவும் மாட்டேன். மலையை நான் மன்னித்தேனா என்று கேட்டால் தெரியாது. மறுநாள் காலை எழுந்து சிவனொளிபாதமலையைப் பார்த்தேன், அது மட்டும் தெரியும்.

---

மேட்டுலயம் (ஹட்டன்)
புதன், காலை 6.10

சேர், பெயரைச் சொல்லாவிட்டாலும் இது நீங்கள்தான் என்று கண்டுகொண்டேன். ஏழாம் வகுப்பில் எங்களை வெளியே கூட்டிப்போய் ஆளுக்கொரு கல் எடுத்துத் தந்து, ஒரு தவணை முழுக்க அதையே வரையச் சொன்னவர் நீங்கள். அப்போது சலித்துக்கொண்டோம். இன்று பஸ் ஓட்டுகிறேன், ஓவியம் வரைவதில்லை. ஆனால் அந்தக் கல்லில் இருந்த பாசி வெயிலில் சுருங்கி மழையில் விரிவதைப் பார்த்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. அந்தக் கல் எங்கள் வீட்டு வாசலில் கிடக்கிறது. என் பிள்ளைக்கு அதைக் காட்டியிருக்கிறேன்.

---

நானுஓயா_ரயில் (கொட்டகலை)
புதன், காலை 8.00

நான் பார்த்துக்கொண்டே இருப்பது சென் கிளேயர் அருவியை. சிறுவயதில் ரயில் அந்த வளைவுக்கு வரும்போது எல்லோரும் ஒரு பக்கத்துச் சன்னலுக்கு ஓடுவோம். மேல் கொத்மலை மின்திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கிய பிறகு ஆற்றைத் திருப்பிவிட்டார்கள். அருவிக்கு அளந்துவிடுகிற தண்ணீர்தான் இப்போது விழுகிறது. அகலமான வெள்ளைச் சேலை இருந்த இடத்தில் பாறையின் கறுப்பு அதிகமாகத் தெரிகிறது. மின்சாரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பழைய அருவியை யாராவது வரைந்து வைத்திருந்தால் ஒருமுறை பார்க்கவேண்டும். ஐயாவிடம் இருக்கிறதா?

---

நீர்க்கரை (மஸ்கெலியா)
புதன், காலை 11.30

மேட்டுலயம், அந்தக் கல்லை நான் பார்க்க வருகிறேன்.

ரயில்காரருக்கு: 1988இல் வரைந்த ஒன்று இருக்கிறது, ஓரத்தில் பூஞ்சணம் தின்றிருக்கிறது. அருவி தப்பியிருக்கிறது. தலவாக்கலைக்கு வரும்போது எடுத்துவருகிறேன்.

---

கோத்தகிரி_வாசல் (கோத்தகிரி, நீலகிரி)
புதன், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். நான் பிறந்தது இந்தியாவில். அப்பா மஸ்கெலியாவில் பிறந்தவர். மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 1973இல் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு தாயகம் திரும்பியவர்களுக்காக அரசு வைத்த தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே தேயிலை, இங்கேயும் தேயிலை. ஆனால் மலை வேறு என்று இன்றுவரை சொல்லிக்கொண்டே இருக்கிறார். 2018இல் மூணாறுப் பக்கம் நீலக்குறிஞ்சி பூத்தபோது கூட்டிப்போனேன். மலை முழுக்க நீலமாக இருந்தது. அப்பா நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "ஹோர்ட்டன் தென்னையிலும் இப்படிப் பூக்கும் என்று என் தாத்தா சொல்வார்" என்றார். ஹோர்ட்டன் சமவெளியை அவர் அப்படித்தான் சொல்வார், ஏன் என்று கேட்டதில்லை.

இந்த இழையை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். லயம் மறைந்த இடத்தில் என்னை நிறுத்தச் சொன்னார். கொஞ்சம் கழித்து மறுபடி வாசிக்கச் சொன்னார்.

அவர் ஒன்று கேட்கிறார். நல்லதண்ணி போகும் பாதையில், அவர் இருந்த தோட்டத்து மேட்டு லயத்துக்குப் பின்னால் யானை படுத்தாற்போல ஒரு பாறை இருக்குமாம். பிள்ளைகள் எல்லோரும் 'ஆனைக்கல்' என்பார்களாம். அதன் முதுகில் ஏறி உட்கார்ந்தால் சிவனொளிபாதமலை நேர் எதிரே. கப்பலேறுவதற்கு முதல் நாளும் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறார். தோட்டத்தின் பெயரைத் தனிமடலில் அனுப்புகிறேன். அந்தக் கல் இருக்கிறதா, அங்கிருந்து மலை எப்படித் தெரிகிறது என்று ஒரு படம் போட்டுத் தர முடியுமா? பணம் அனுப்புகிறோம்.

---

நீர்க்கரை (மஸ்கெலியா)
வியாழன், காலை 5.50

பணம் என்ற சொல்லை இனி எடுக்காதீர்கள். அந்தத் தோட்டம் எனக்குத் தெரியும், பஸ்ஸில் அரைமணி நேரம். இன்றே போகிறேன்.

இங்கேயும் குறிஞ்சி பூக்கும். சிங்களத்தில் 'நெலு' என்பார்கள். ஒன்றல்ல, பல இனங்கள். 2013இல் ஹோர்ட்டன் சமவெளியில் பெரிய அளவில் பூத்தபோது நான் இரண்டு நாள் போய் வரைந்தேன். ஊதா, இளஞ்சிவப்பு, வெள்ளை எல்லாம் கலந்த ஒரு நிறம். பூத்து முடிந்து செடி முழுவதும் காய்ந்துபோகும், அதையும் அடுத்த மாசியில் போய் வரைந்தேன். காய்ந்த நெலுக்காட்டின் சாம்பல் நிறம் பூவைவிட எனக்குப் பிடித்திருந்தது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவாரே, அதைப் படிக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்த ஒருவரின் மூச்சு கேட்கும்.

---

கொழுந்துக்கூடை (பொகவந்தலாவை, இப்போது தோஹா)
வியாழன், மாலை 6.25

ஐயா, உங்கள் பதிலை இன்று மதியம் அம்மாவுக்குத் தொலைபேசியில் வாசித்தேன். தட்டையான மேற்பரப்பு பற்றிய இடத்தில் அம்மா சிரித்தார். "மட்டக்குச்சி வைத்துப் பார்க்காமலே எனக்கு மட்டம் தெரியும்" என்றார். பிறகு அவர் சொன்னவை எனக்கே புதியவை. ஏழாம் நம்பர் மலையில் எந்தத் தூரில் சிட்டு கூடு கட்டும், எந்த வடிகால் கானில் முதலில் பனி உறையும், மழை வருமுன் எந்தப் பக்கத்து இலை திரும்பும் என்றெல்லாம் ஒரு மணி நேரம் பேசினார். அம்மாவிடம் மலையைப் பற்றி நான் வேதனையை மட்டுமே கேட்டிருக்கிறேன். வேறு எதையும் கேட்டதில்லை.

என் கருத்து மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். விளம்பரப் படங்கள் மீதான கோபம் அப்படியே இருக்கிறது. ஆனால் அம்மா சொன்னவற்றை எழுதி வைக்கத் தொடங்கியிருக்கிறேன். நீங்கள் எப்போதாவது பொகவந்தலாவை வந்தால் அம்மாவைச் சந்தியுங்கள்.

---

நீர்க்கரை (மஸ்கெலியா)
வியாழன், இரவு 9.10

அவசியம் வருகிறேன். அம்மாவிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

கோத்தகிரித் தம்பி, போய்விட்டு வந்தேன். ஆனைக்கல் இருக்கிறது. அப்பாவின் நினைவு சரி, படுத்த யானையேதான், தும்பிக்கைப் பக்கம் சற்று உடைந்திருக்கிறது. முதுகில் பாசி ஏறியிருக்கிறது. இரண்டு பையன்கள் மேலே உட்கார்ந்து கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தார்கள், எனக்கு இடம் விட்டார்கள். அவர்களும் அதை ஆனைக்கல் என்றே சொல்கிறார்கள்.

ஆனால் அங்கிருந்து மலை தெரியவில்லை. கல்லுக்கு முன்னால், விறகுக்காகப் போட்ட யூக்கலிப்டஸ் மரங்கள் உயர்ந்து நிற்கின்றன. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், முதுகிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் அடிமரங்கள்தான். மலை எங்கே இருக்கிறது, எவ்வளவு உயரத்தில், எந்தத் தோள் எந்தப் பக்கம் என்று எனக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். மரங்களை எடுத்துவிட்டு 1973இல் அப்பா பார்த்ததை அப்படியே வரைந்து தர என்னால் முடியும். ஒரு வார வேலை.

அப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். நான் இரண்டில் எதை வரையட்டும்?

---

கோத்தகிரி_வாசல் (கோத்தகிரி, நீலகிரி)
வெள்ளி, காலை 7.30

அப்பா இரவு முழுக்க யோசித்திருக்கிறார் போலிருக்கிறது. காலையில் தேநீர் குடிக்கும்போது சொன்னார். மரங்களை எடுக்கவேண்டாமாம். இப்போது அங்கே உட்கார்ந்தால் என்ன தெரியுமோ அதைத்தான் பார்க்கவேண்டுமாம். அந்தப் பையன்களும் இருக்கட்டும் என்றார், முகம் வராவிட்டால் முதுகு போதுமாம்.

பிறகு, மொத்தம் எத்தனை மரங்கள் நிற்கின்றன என்று கேட்கச் சொன்னார்.

---

நீர்க்கரை (மஸ்கெலியா)
வெள்ளி, காலை 8.05

பதினேழு என்று நேற்று எண்ணினேன். பின்வரிசையில் ஒன்று இரட்டை அடிமரமா, இரண்டு மரங்களா என்பதில் சந்தேகம் இருக்கிறது. பத்து மணி பஸ்ஸில் பலகையோடு போகிறேன், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.